காவுக்கு ஷட்டர் கிடையாது

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாசம்தான் எங்கள் கம்பெனியில் அந்த ஆப் வந்தது. மட்டாஞ்சேரி படகுத்துறையில் இறங்குகிற விருந்தாளி போனில் ஒரு படத்தைத் தட்டிவிட்டுக் காதில் குமிழை மாட்டிக்கொண்டால் போதும். அரண்மனை, மிளகுக் கிடங்கு, பழைய யூதத் தெரு என்று எல்லாவற்றையும் ஒரு பெண்குரல் இருமாமல் தும்மாமல் சொல்லிக்கொண்டே போகும். நல்ல குரல்தான், குற்றம் சொல்ல மாட்டேன். சாயா குடிக்கக்கூட நிற்காது.

என்னோடு வேலை செய்த பெண்கள் வாட்ஸாப்பில் கேட்டார்கள், "செண்பகம் சேச்சி, இனி நம்ம வாய்க்கு என்ன வேலை?" என்று. மலையாளத்தில் எழுதிக் கேட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகள்தான், பேச்செல்லாம் தமிழ்தான், ஆனால் தமிழ் எழுத்து அவர்களுக்கு ஜாங்கிரி பிழிந்த மாதிரி தெரியும். நான் குரல் பதிவு ஒன்று அனுப்ப ஆரம்பித்தேன். அது பெரியாறு மாதிரி நீண்டுகொண்டே போனதால், எழுதியே வைத்துவிடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். இவள் பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று யாராவது சொன்னால், ஆமாம், பெருமைதான் அடித்துக்கொள்கிறேன். ஜெயித்தவள் சொல்லாமல் பின்னே யார் சொல்வது?

படிப்பு, பயிற்சி என்று சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றுமில்லை. என் அப்பா ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை பார்த்தார். தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். தேய்த்த விரிப்புகளை ஹோட்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒருநாள் ஒரு ஹோட்டல் வாசலில் மதுரையிலிருந்து வந்த கூட்டம் ஒன்று வழிகாட்ட ஆள் வராமல் கத்திக்கொண்டிருந்தது. விரிப்பை வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். அரண்மனையில் எனக்குத் தெரிந்தது பாதி, தெரியாதது பாதி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அப்படி ஒப்பேற்றினேன். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவர் கடைசிவரை நடந்து வந்தார். அவர்தான் ஜோசப் சார். எங்கள் கம்பெனியின் முதலாளி.

மறுநாள் அவருடைய ஆபீசுக்குக் கூப்பிட்டார். கீழே சுக்குக் கிடங்கு, மேலே ஆபீஸ். படியேறும்போதே மூக்கு காரமாகிவிடும். "நேற்று அரண்மனையில் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். "இன்னொரு தடவை" என்றார். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது நான் கட்டிவிட்ட ராணியும் ரகசிய சுரங்கப் பாதையும் என் வாயிலேயே வர மறுத்தன. எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இப்ப மிச்சம் இருக்கே, அதை மட்டும் சொல்லு. வேலை உனக்குத்தான்" என்றார்.

அவருடைய முறை அதுதான். யாரையும் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. புதிதாக ஒரு இடத்துக்கு விருந்தாளியைக் கூட்டிப்போவதற்கு முன்னால் நாம் தனியாக அங்கே போக வேண்டும், அதே வெயில் நேரத்தில், அதே மாதிரிச் செருப்பில். எங்கே நிழல், எங்கே கக்கூஸ், எங்கே வயசானவர்கள் உட்காரலாம் என்று பார்த்துவிட்டு வரவேண்டும். வந்ததும் அவர் முன்னால் நின்று அந்த இடத்தைச் சொல்ல வேண்டும், "இன்னொரு தடவை" என்று அவர் கேட்காமல் ஆகிறவரைக்கும். இன்னொன்றையும் அடிக்கடி சொல்லுவார்: "விருந்தாளி பார்க்க வந்தது இடத்தை. உன்னை இல்ல. உன் அபிப்பிராயத்துக்கு யாரும் டிக்கெட் எடுக்கலை." எனக்கோ அபிப்பிராயம் இல்லாத விஷயமே கிடையாது. நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை பழகினேன்.

காவு என் கைக்கு வந்தது ஒரு ஹர்த்தால் நாளில்.

கேரளத்தில் ஹர்த்தால் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏதோ ஒரு கட்சி அறிவிக்கும், மறுநாள் ஒரு கடை திறக்காது. அன்றைக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையக் குடும்பம் வந்திருந்தது. அரண்மனை பூட்டு, யூதத் தெரு முழுக்க ஷட்டர், மிளகுக் கிடங்கிலும் ஆளில்லை. கூட்டத்தில் மாணிக்கம் அண்ணாச்சி என்று ஒரு பெரியவர். காலையில் இட்லி சரியில்லை என்பதில் தொடங்கி மூக்கால் அழுதுகொண்டே வந்தார். "இந்த மூடின கதவைப் பார்க்கவா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்று என்னையே கேட்டார். டூரிஸ்ட் வண்டி என்று கண்ணாடியில் காகிதம் ஒட்டினால் வேனை மட்டும் விடுவார்கள். வேன் இருக்கிறது, போக இடம் இல்லை.

அப்போதுதான் என் நாத்தனார் செல்வியின் வீடு ஞாபகம் வந்தது. திருப்பூணித்துறையைத் தாண்டி ஒரு வாய்க்கால் ஓரத்தில் அவளுக்கு வீடு. அந்த வீட்டுக்கு எதிரே ஒரு காவு உண்டு. காவு என்றால், பழைய தறவாடுகள், அதாவது பெரிய கூட்டுக்குடும்ப வீடுகள், பாம்புக்கென்று விட்டுவைத்த காடு. யாரும் நட்டது இல்லை, யாரும் வெட்டுவதும் இல்லை. இந்த மண்ணுக்கு என்ன மரம் சொந்தமோ அதெல்லாம் அங்கே தானாக நிற்கும். நடுவில் பாம்புக்கல், ஒரு குளம். ஆயில்ய நட்சத்திரத்தன்று வீட்டுப் பெண்கள் விளக்கு வைப்பார்கள். ஹர்த்தாலுக்கு எல்லாம் மூடலாம், காவுக்கு ஷட்டர் கிடையாதே. ஜோசப் சாரிடம் போனில் சொன்னேன். "நீ அங்கே முன்னாடி போய்ப் பார்த்திருக்கியா?" என்று கேட்டார். "நாத்தனாரோட சண்டை போட்டா நான் போய் உட்காருற இடமே அதுதான் சார்" என்றேன். அப்படியானால் போ என்றார்.

காவின் வாசலில் வெட்டுக்கல் படி இரண்டு இருக்கும். அங்கே எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளே நுழைந்ததும் பேச வேண்டாம், கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள் என்றேன். வெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே சருகு காலுக்குக் கீழே மெத்து மெத்தென்று ஈரமாக அமுங்கியது. வெள்ளைக் குங்கிலிய மரம், நாங்கள் வெள்ளைப்பைன் என்போம், தலைக்கு மேலே செக்கச்செவேலென்று தளிர் விட்டிருந்தது. அதன் பிசினை மோந்து பாருங்கள் என்றேன். ஏழிலைப்பாலையின் இலையை எண்ணச் சொன்னேன், பறிக்காமல். கம்பகம், அயினி, மகிழம் எல்லாம் தொட்டுப் பார்க்கச் சொன்னபிறகே பெயர் சொன்னேன். முதலிலேயே பெயரைச் சொன்னால் ஜனங்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஒரு கொடி தொடை கனத்துக்கு மூன்று மரங்களைச் சுற்றி ஏறிப் போயிருந்தது. முசுறு ஒன்று மாணிக்கம் அண்ணாச்சியின் கழுத்தில் கடித்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு அம்மா மெல்லக் கேட்டார், "பாம்பு இருக்குமா?"

"இருக்கும்மா. அதோட வீட்டுக்குத்தான் நாம வந்திருக்கோம்" என்றேன்.

அந்த அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, தைரியமாக நடந்தார். குளத்தங்கரையில் எல்லோரும் உட்கார்ந்தோம். தவளை குதிக்கிற சத்தம் கேட்டது. செல்வி தெருவின் பெண்கள் காவை ஒட்டிய கிணற்றில் குடத்தோடு நின்றார்கள். சித்திரை மாசத்தில் அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் உப்புக் கரிக்கும், அந்தக் கிணறு மட்டும் இளநீர் மாதிரி இருக்கும். காவு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் அது. கிளம்பலாமா என்று நான் கேட்டபோது மாணிக்கம் அண்ணாச்சி சொன்னதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். "இரு தாயி. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவோம்." எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பி வந்து ஜோசப் சாரிடம் காவைச் சொன்னேன். ஒரே தடவைதான். அவர் இன்னொரு தடவை கேட்கவே இல்லை. அடுத்த மாசத்திலிருந்து காவு எங்கள் கம்பெனியின் வழக்கமான வழியில் சேர்ந்தது. மட்டாஞ்சேரி காலையில், திருப்பூணித்துறை அரண்மனை மதியத்துக்கு முன்னால், அப்புறம் காவு. சொந்தக்காரக் குடும்பத்திடம் அனுமதி கேட்டு, விளக்கு வைக்கும் எண்ணெய்க்கு என்று ஒரு தொகை கொடுத்துவிட்டுத்தான் போவோம். ஆயில்யத்தன்று பாம்புப் பாட்டுப் பாடுகிற புள்ளுவனும் அவர் மனைவியும் வந்து குடத்தை மீட்டிப் பாடுவார்கள், அன்றைக்குப் போனால் அதையும் கேட்கலாம். காவில் இருந்து ஒரு சருகுகூட வெளியே போகக்கூடாது என்பது வழக்கம். நம் ஆட்கள் எந்தப் புண்ணிய இடத்துக்குப் போனாலும் ஒரு கல்லோ காயோ முந்தானையில் முடிந்துகொள்வார்கள் இல்லையா, வாசலில் நின்று முந்தானையையும் பையையும் உதறவைத்துத்தான் வெளியே விடுவேன். ஒரு கலெக்டர் மனைவியின் கைப்பையைக்கூட உதற வைத்திருக்கிறேன்.

பல வருஷம் அப்படி ஓடியது. இந்தக் கொச்சியில் ஆயிரம் கைடு உண்டு, ஆனால் காவு செண்பகத்தோடது என்று ஹோட்டல்காரர்கள் சொல்லுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு உச்சி குளிரும்.

அப்புறம்தான் இடி விழுந்தது. ஒருநாள் செல்வி போன் பண்ணி, "அண்ணி, காவை வெட்டப்போறாங்க" என்றாள்.

காவு அஞ்சு தாவழிக்குப் பொதுச் சொத்து. தாவழி என்றால் ஒரே தறவாட்டில் அம்மா வழியாகப் பிரிந்த கிளைக் குடும்பங்கள். இப்போது காரணவர், அதாவது குடும்பத்துக்கு மூத்த ஆண், விஜயன் என்பவர். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். கெட்ட மனுஷன் இல்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். விளக்கு வைக்க வீட்டில் பெண்கள் இல்லை, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், மழைக்குக் கிளை முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்தால் சண்டைக்கு வருகிறார்கள். இருக்கிற தொல்லைக்கு அங்கே ஒரு கல்யாண மண்டபம் கட்டிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தந்திரியை, அதாவது இங்கே பூஜை முறை தெரிந்த பெரிய பூசாரியை, கூப்பிட்டு முறைப்படி பூஜை செய்து, பாம்புகளைக் கலசத்தில் ஆவாகனம் பண்ணி, ரோட்டோரத்தில் சிமெண்டில் புதிதாக ஒரு தறை, மேடை மாதிரி, கட்டி, கல்லையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார். இதெல்லாம் இங்கே நடக்கிற காரியம்தான். காவு மாற்றுவது என்பார்கள். மாற்றிவிட்டால் பிறகு உள்ளே நிற்பது வெறும் மரம். மரத்துக்கெல்லாம் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டாகிவிட்டது.

செல்வி விஜயனிடமே போய்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். பைப்பு வரும் என்றாராம். "எங்க தெருவுக்குப் பைப்பில காத்துதான் அண்ணி வரும்" என்று அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மனசில் தண்ணீர் பாதி, என் காவு பாதி. மறைக்காமல் சொல்கிறேன்.

நாலு தாவழி கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி. சுபத்ரா சேச்சி என்று ஒருவர், விஜயனுக்கு அக்கா முறை. கல்யாணமாகி புனேக்குப் போனவர், காவைப் பார்த்தே எத்தனையோ காலம். பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரி, குடும்பம் முழுக்க ஒன்றுகூடட்டும், மட்டாஞ்சேரியில் தங்கட்டும், ஒருநாள் ஊர் பார்க்கட்டும், மறுநாள் காவைப் பார்த்துவிட்டு, சத்யை என்கிற இலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, கையெழுத்தும் ஆகட்டும் என்று விஜயன் ஏற்பாடு செய்தார். அந்த ஏற்பாட்டை எந்தக் கம்பெனியிடம் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? எங்களிடம்தான். கைடு வேலை என் தலையில் விழுந்தது.

நான் ஜோசப் சாரிடம் போய்ச் சத்தம் போட்டேன். கோடாலி விழப்போகிற இடத்துக்குச் சிரித்த முகமாக எப்படிக் கூட்டிப்போவேன், நான் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அவங்க வீட்டு விஷயம். நீ ஒரு பக்கமும் சாயக்கூடாது. எப்பவும் எப்படிக் காட்டுவியோ அப்படிக் காட்டு."

"அவ்வளவுதானா சார்?"

"காவு பேசும். நீ பேசாதே."

எனக்கு வந்த கோபத்தில் படியில் இறங்கும்போது சுக்கு மூட்டையை உதைத்தேன். கால் பெருவிரல்தான் வீங்கியது.

அந்த நாள் வந்தது. பஸ் நிறையச் சொந்தக்காரர்கள். சுபத்ரா சேச்சிக்கு முழங்கால் வலி, கைத்தடி ஊன்றி நடந்தார். பேச்சு குறைவு, பார்வை கூர்மை. வைட்டிலா நெரிசலில் பஸ் நகராமல் நின்றபோது விஜயன் எழுந்து நின்று மண்டபத்தின் அழகையெல்லாம் விவரித்துக்கொண்டே வந்தார். எத்தனை கார் நிறுத்தலாம், பந்தி எந்தப் பக்கம், பெண் அறை எந்தப் பக்கம். நான் முன் சீட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நின்றதும் முதலில் புதுத் தறைக்குத்தான் கூட்டிப் போனார். பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, மேலே ஒரு விளக்கும் மாட்டியிருந்தது. "பாருங்க, நல்ல வசதி. மழை நனையாது, ராத்திரி லைட் உண்டு. நாகங்க எல்லாரும் இங்கே வந்தாச்சு. உள்ளே இப்ப ஒண்ணும் இல்ல, வெறும் மரம் மட்டும்தான்" என்றார். எல்லோரும் நின்றபடியே கும்பிட்டார்கள். யாரும் செருப்பைக் கழற்றவில்லை. விஜயனும் கழற்றவில்லை. ரோட்டோரம் பாருங்கள், பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றாததை நான் கவனித்தேன், ஆனால் அந்த நேரத்தில் அதில் ஒரு விஷயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்து காவின் வாசலுக்கு நடந்தோம். எப்போதும் அங்கே நின்று திரும்பி, "செருப்பைக் கழற்றுங்க" என்பேன். அன்றைக்கு வாய் அடைத்துவிட்டது. கழற்றச் சொன்னால், உள்ளே தெய்வம் இருக்கிறது என்று நான் சொன்ன மாதிரி. அது ஒரு பக்கம் சாய்வது. கழற்ற வேண்டாம் என்று சொல்லவோ, செத்தாலும் என் நாக்கு வராது. ஜோசப் சாரை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு, படியின் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

விஜயன்தான் முன்னால் வந்தார். சமையல்கூடத்துக்குத் தனி வழி விடுவதைப் பற்றித் தலையைத் திருப்பிப் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு நிற்கவில்லை. படிக்கு வந்ததும் கால் தானாக நின்றது. வலது செருப்பு கழன்றது, இடது செருப்பு கழன்றது, கட்டைவிரலால் இரண்டையும் ஓரமாகத் தள்ளினார். வெறும் காலைப் படியில் வைத்தார். பேச்சு இன்னும் சமையல்கூடத்திலேயே இருந்தது. என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் காரணவரைப் பார்த்துவிட்டுத் தாங்களும் குனிந்து வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

அபிப்பிராயம் சொல்லக்கூடாது, சரி. ஆனால் விருந்தாளியின் கால் பத்திரம் கைடின் பொறுப்பு அல்லவா?

"விஜயேட்டா, செருப்பைப் போட்டுக்குங்க. உள்ளே முள்ளு இருக்கும். இப்பதான் அங்கே யாரும் இல்லையே."

மலையாளத்தில்தான் சொன்னேன், ரொம்ப மரியாதையாக, எந்த விருந்தாளிக்கும் சொல்வது போல. அவர் பேச்சை நிறுத்தினார். குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஆ, அது சரிதானே" என்று சிரித்துக்கொண்டு திரும்பி, செருப்பில் காலை நுழைத்தார். மறுபடி படிக்கு வந்தார். காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. இறக்கினார். மறுபடி தூக்கினார். செருப்பை மறுபடி கழற்றினார்.

சுபத்ரா சேச்சி கைத்தடியை ஊன்றி முன்னால் வந்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை, சின்ன வயசில் தம்பியிடம் எப்படிப் பேசியிருப்பாரோ அப்படிப் பேசினார்.

"போட்டுக்கோ விஜயா. செருப்போட அந்தப் பழைய கல்லு இருந்த இடம் வரைக்கும் போயிட்டு வா. நீ திரும்பி வந்ததும் நான் கையெழுத்துப் போடறேன். இங்கேயே, நின்னபடியே."

வேறு எதையும் அவர் கேட்கவில்லை. எல்லோரும் விஜயனைப் பார்த்தார்கள். காகிதம் அவர் பையிலேயே இருந்தது. காட்டுக்குள் அந்த இடம் வாசலில் இருந்தே தெரியும், பக்கம்தான். நான் செல்வியை நினைத்தேன், கிணற்றை நினைத்தேன். அவர் போய்விட்டு வந்துவிட்டால் முடிந்தது கதை. செருப்பைப் போடு என்ற வார்த்தையை எடுத்துக்கொடுத்தவளும் நானே ஆகியிருப்பேன்.

விஜயன் செருப்பையும் பார்த்தார், உள்ளேயும் பார்த்தார். முகம் வேர்த்திருந்தது. கடைசியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கால் வரலை, சேச்சி" என்றார்.

"எனக்கும் வராது" என்றார் சுபத்ரா சேச்சி. "நம்ம காலே போகாத இடத்துக்கு புல்டோசரை அனுப்பறதா?"

சேச்சி என் பக்கம் திரும்பி, "மோளே, நீ எப்பவும் எப்படிக் காட்டுவியோ அப்படிக் காட்டு" என்றார். ஜோசப் சார் சொன்ன அதே வார்த்தை. காட்டினேன் பாருங்கள், என் ஆயுசில் அப்படி ஒருநாளும் காட்டியதில்லை. கண் பழகும்வரை நிறுத்தினேன், தொடவைத்தேன், மோக்கவைத்தேன், ஏழிலையை எண்ண வைத்தேன். பெயிண்ட் அடித்த மரத்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல் கடந்தேன், எல்லோருமே அதைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். குளத்தங்கரையில் சுபத்ரா சேச்சி முழங்கால் வலியை மறந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். திரும்ப எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெளியே வரும்போது எல்லோரையும் பையை உதற வைத்தேன், சொந்தக்காரர்களாக இருந்தால் என்ன.

சத்யை நடந்தது, கையெழுத்து நடக்கவில்லை. விஜயன் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை. பாயசம் மட்டும் எனக்கு இரண்டு தடவை வந்தது, சுபத்ரா சேச்சி சொல்லி அனுப்பியது. செல்விக்குப் போன் பண்ணி, கிணறு பிழைத்தது என்றேன். அவள் விசும்பினாள். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தில் வருகிற அழுகையை அடக்கத் தெரியாது எனக்கு.

சாயங்காலம் சுக்குக் கிடங்கு மாடியேறி ஜோசப் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். இன்னொரு தடவை என்றார். மூன்று தடவை சொல்லியும் அதில் ஒரு வார்த்தை உதிரவில்லை.

"உன்னைப் பேசாதேன்னு சொன்னேனே."

"முள்ளு இருக்குன்னுதானே சார் சொன்னேன்."

அந்த மனுஷன் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரித்து, மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். எந்த அரசாங்க விருதும் எனக்கு அதற்கு ஈடாகாது.

அப்புறம் தந்திரியை மறுபடி அழைத்து, கல்லையும் கலசத்தையும் பழைய இடத்துக்கே கொண்டுபோனார்கள். மண்டபப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஓட்டின்மேல் சாய்ந்த கிளைகளுக்கு மட்டும் முட்டுக் கொடுத்துக் கட்டினார்கள். ரோட்டோரத்துத் தறையில் இப்போது பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் உட்காருகிறார்கள், நல்ல வசதிதான். அடுத்த ஆயில்யத்துக்கு முன்னால் எங்கள் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. விஜயன். வளைகுடாவில் தன்னோடு வேலை பார்த்த நண்பர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், காவைக் காட்ட வேண்டும், செண்பகம்தான் வரவேண்டும் என்றாராம். சரி, நாலு வார்த்தை திட்டத்தான் கூப்பிடுகிறார், வாங்கிக்கொள்வோம் என்று போனேன்.

அவர் எனக்கு முன்பே வந்து படியருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். உள்ளே நான் வழக்கம்போலக் காட்டிக்கொண்டு போனேன். கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் நண்பர் ஒருவர் விஜயனிடம் கேட்டார், நீங்கள் இந்த நாகங்களை எல்லாம் ரோட்டோரத்துக்கு மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டோமே, அது என்ன ஆயிற்று என்று. நான் வாயைத் திறக்கவில்லை. குடும்பத்து விஷயம், கைடு சொல்லக்கூடாது.

விஜயன் கல்லைக் கும்பிட்டார்.

"கொண்டுபோய் வெச்சது நாங்கதான்" என்றார். "அவங்க போகலை."